பழனிமுத்துவுக்கு வலிக்காத வேல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் சோலையம்மாள் அவர்களே! மேடைக்கு அழைத்தும் வராமல் ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மருத்துவர் சௌம்யா அவர்களே! பூண்டு வயலை அப்படியே விட்டுவிட்டுக் கிளாவரையிலிருந்து விடிவதற்குள் கிளம்பி வந்திருக்கும் பெரியோர்களே! பள்ளங்கி வேலவன் பாதயாத்திரைக் குழுவின் அடியார்களே! முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் தங்கை பாண்டிச்செல்வி! உங்கள் அனைவருக்கும் குழுவின் செயலாளர் ஜெயமுருகனின் வணக்கம்.

எனக்குப் பின்னால் மாலையோடு இருக்கும் படத்தைப் பாருங்கள். ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வந்த வேலோடு கண்ணால் சிரித்துக்கொண்டு நிற்கிறார் நம் தலைவர், அலகுச் செம்மல் பழனிமுத்து. அவருக்குப் பின்னால் பாதித் தோள் ஒன்று தெரிகிறதே, அது என்னுடையது. அன்று என் கன்னத்திலும் வேல் இருந்தது. படம் போட்டவர்கள் அதை வெட்டிவிட்டார்கள். இன்று துக்க நாள். ஆகவே அதைப் பற்றி நான் எதுவும் பேசப் போவதில்லை.

எப்படிப் பேசாமல் இருப்பது? ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நாம் மலை இறங்கிப் பழனிக்கு நடக்கிறோம். சண்முக நதியில் குளித்தெழுந்ததும் முதல் அலகு யாருக்கு? பழனிமுத்துவுக்கு! முதல் அலகு குத்தியவர்தான் முன்னால் நடப்பார். வழியெல்லாம் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது யார் காலுக்கு? பழனிமுத்துவின் காலுக்கு! வேல் உள்ளே போகும்போது அவர் கண் இமைக்காது. ஊரே மெய்சிலிர்த்து அரோகரா சொல்லும். அடுத்தது என் முறை. நான் பல்லைக் கடிப்பேன், கண்ணில் நீர் வந்துவிடும். "ஜெயமுருகனுக்கு விரதத்துல ஏதோ கொறை இருக்குடா" என்று என் காதில் விழும்படியே சொல்வார்கள். என்ன குறை? அவர் உண்ட அதே ஒருவேளை உணவைத்தானே நானும் உண்டேன்? அவர் படுத்த அதே வெறுந்தரையில்தானே நானும் படுத்தேன்?

வழியில் தேநீர்க் கடை வந்தால், முதல் டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டுவார். "அண்ணே, மொதல்ல நீங்க குடிங்க." இந்த ஒரு மரியாதையாவது கிடைக்கிறதே என்று பல வருடங்கள் மகிழ்ந்து போயிருக்கிறேன். நான் உறிஞ்சும்போது என் முகத்தையே கூர்ந்து பார்ப்பார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தெரிந்தது எப்போது? அவருடைய மகள் தாரணி மூன்று வயதில் அடுப்பிலிருந்த தோசைக்கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தோல் பொசுங்கிய வாடை வந்த பிறகுதான் தாய் பாண்டிச்செல்வி ஓடிவந்து கையை எடுத்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பழனிமுத்து என்ன சொன்னார் தெரியுமா? "எங்க வீட்டுக்கு முருகன் அருள் இருக்குங்க டாக்டர். எம் பிள்ளையும் அழவே மாட்டா." பெருமையாகச் சொன்னார்! மருத்துவர் சௌம்யா பிள்ளையின் கையைப் பார்த்தார். கடித்துக் கடித்துத் தழும்பேறிய நாக்கைப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, வீங்கிக் கிடந்த முழங்காலையும் கோணிப்போன விரல்களையும் பார்த்தார். இரண்டு பேருடைய ரத்தமும் பரிசோதனைக்கு வெளியூருக்குப் போயிற்று.

முடிவு வந்த அன்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். மனித உடம்பில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்று ஒரு புரதம் இருக்கிறதாம். பிள்ளை வயிற்றில் உருவாகும்போது, வலியையும் சூட்டையும் சொல்லும் நரம்புகள் அந்தப் புரதம் கிடைத்தால்தான் பிழைக்குமாம். கிடைக்காத நரம்பு அங்கேயே மடிந்துவிடுமாம். பழனிமுத்துவின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம். புரதம் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. அதே மாற்றம் அவருடைய அத்தை மகளான பாண்டிச்செல்வியின் ரத்தத்திலும் மறைந்திருந்ததால், பிள்ளைக்கும் வந்துவிட்டது. தொட்டால் தெரியும். குத்தினால் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தேநீர் எவ்வளவு சூடு என்று அறியத்தான் அத்தனை வருடமும் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்!

அன்பர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரக்கத்தால் அல்ல. ஆத்திரத்தால்! வலிக்காத கன்னத்தில் வேல் குத்திக்கொண்டவருக்கு அலகுச் செம்மல் பட்டம்! வலித்துத் துடித்த எனக்கு விரதக் குறை என்ற பெயர்! என் தாய் வயிற்றில் அந்தப் புரதம் எனக்கு ஒழுங்காகத்தானே வேலை செய்தது? அதற்காக யாராவது எனக்கு ஒரு துண்டு போர்த்தினீர்களா?

அடுத்த தைப்பூசத்தில் சண்முக நதிக் கரையில் அவரே எழுந்து நின்று சொன்னார். "இனிமே மொதல் அலகு எனக்கு வேண்டாம்ங்க. ஜெயமுருகண்ணனுக்குக் குடுங்க. அவருக்குத்தான் வலிக்குது." உங்களில் எத்தனை பேர் அதைக் கேட்டீர்கள்! நீங்கள் என்ன செய்தீர்கள்? "எம்புட்டு அடக்கம் பாருய்யா" என்று சொல்லி அவரையே பிடித்து முன்னால் நிறுத்தினீர்கள். முன்னால் நடந்ததற்கும் புகழ் அவருக்கு, விட்டுக்கொடுத்ததற்கும் புகழ் அவருக்கு! நான் எங்கே போவது?

அதற்குப் பிறகு அவர் செய்த பணியை எண்ணிப் பாருங்கள். மலையில் அழாத பிள்ளை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு ஊர் ஊராக ஏறி இறங்கினார். சீரழிந்த முழங்காலோடு ஏறினார். "பூண்டுப் பல்லை ஊனுன கையோட ஈரம் காட்டலேன்னா மொளை காஞ்சிரும்ல? அது மாதிரிதான் தாயி இந்த நரம்பும். சாமி குத்தமும் இல்ல, வரமும் இல்ல" என்று தாய்மார்களிடம் சொன்னார். கிளாவரையில் அப்படி இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்து மருத்துவரிடம் கொண்டுவந்தார். தினமும் பிள்ளையின் காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும், செருப்பில்லாமல் விடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெற்றோர்தான் அதோ அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் செத்தால் எனக்காக வயலை விட்டுவிட்டு இப்படி யார் வருவார்கள்? இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார். "அண்ணே, வலின்னா எப்பிடிண்ணே இருக்கும்?"

"அதை எப்பிடிச் சொல்ல? வலின்னா வலிதான்."

"வேல் குத்தும்போது ஒங்க மொகத்தைப் பாப்பேன்ணே. பொறாமையா இருக்கும். சாமிக்குக் குடுக்க ஒங்ககிட்ட என்னமோ இருக்கு. எங்கிட்ட ஒண்ணுமில்லைண்ணே."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. உண்மையாகவே பொறாமைப்பட்டார், என்னைப் பார்த்து!

அவர் எப்படிப் போனார் என்பது உங்களுக்குத் தெரியும். "லேசாக் காச்சலா இருக்குண்ணே, பூண்டைப் புடுங்கிப்புட்டு வாரேன்" என்றார். வயிற்றுக்குள் குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. நானோ நீங்களோ என்றால் அலறிக்கொண்டு தரையில் உருண்டிருப்போம்; மாலைக்குள் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர் வெயிலில் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார். கண் இமைக்காத அந்த முகத்தைப் பார்த்து எத்தனை முறை அரோகரா சொன்னோம்! அதே முகம்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு முன்னால் பேசிய பொருளாளர் ராஜேஷ்குமார் என்ன சொன்னார்? "தலைவர் எடம் காலியா இருக்கக்கூடாது. வர்ற தைப்பூசத்துக்குத் தாரணிப் பாப்பாவுக்கு மொதல் அலகு குத்துவோம். சின்ன வேல்தான். பிள்ளைக்கு வலிக்கவா போகுது?" என்றார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. "அவருக்குப் பொறாமை" என்று பின்வரிசையில் யாரோ சொன்னதும் கேட்டது.

ஆம், பொறாமைதான்! அவர் போனதும் அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் அதைப் பறிகொடுப்பேன் என்று நினைக்கவில்லை. ஆகவே நான் வேண்டாம் என்றால் நீங்கள் நம்பப் போவதில்லை. சரி, கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற தைப்பூசத்துக்கு முதல் அலகு எனக்கு வேண்டாம். அதற்கு அடுத்த தைப்பூசத்துக்கும் வேண்டாம். உயிர் உள்ளவரை நான் வரிசையின் கடைசியில் நடப்பேன். முருகன் பெயரால் இந்த மேடையில் சொல்கிறேன். எனக்கு இனி இதில் எந்த ஆதாயமும் இல்லை. இப்போது சொல்கிறேன், இந்தப் பிள்ளையின் கன்னத்தில் வேல் ஏறக்கூடாது! புண் சீழ் பிடித்தால் அவளுக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியவில்லை. இன்னொரு படத்துக்கு மாலை போட உங்களுக்கு மனம் வருமா? ராஜேஷ்குமார், உங்களைத்தான் கேட்கிறேன்.

கை தட்ட வேண்டாம். சரி என்று தலையை ஆட்டினீர்களே, அது போதும்.

பழனிமுத்து விட்டுச்சென்ற பணியை நம் குழு தொடரும். மலையூர்களுக்கு நான் ஏறுவேன். என் முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. தங்கச்சி பாண்டிச்செல்வி, நாளைக்கு வெள்ளனே வீட்டுக்கு வாரேன். தினமும் வருவேன். பிள்ளையின் காலைத் திருப்பிப் பார்ப்பேன். முள் ஏறினால் என்ன செய்ய வேண்டும், அடிபட்டால் எப்படிக் கத்த வேண்டும், எதைக் கண்டு கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகக் கத்திக் காட்டிச் சொல்லித் தருவேன். வலி என்றால் என்ன என்று அவள் அப்பாவால் அவளுக்குச் சொல்லித்தர முடியவில்லை.

பழனிமுத்து! இந்த ஒரு சோலியில் மட்டும் நீ என்னை முந்த முடியாது.