வெங்காயம் உரித்தால் ஒரு ஸ்டார்

ஹேமநாதன்: "வெங்காயம் உரிக்க ஒரு ஆள்கூட வர மாட்டேங்குது, ஹேமா"... இதானே அன்னைக்கு நீ முதல்ல சொன்னது?

வாசுகி: அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

ஹேமநாதன்: "சும்மா கூப்பிட்டா யாரு வருவா, ஏதாச்சும் குடு"ன்னேன்.

வாசுகி: ஆமா. இதே மடப்பள்ளி வாசல்ல நின்னுக்கிட்டு. ஏதோ பெரிய கம்பெனி மேனேஜர் மாதிரி.

ஹேமநாதன்: நான் சொன்னது டி-ஷர்ட் லா. உன்னை யாரு இவ்வளவு தூரம் போகச் சொன்னா?

வாசுகி: டி-ஷர்ட்டும் குடுத்தோமே. வந்தாங்க, போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. அன்னிக்கும் ஞாயிறு அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சது நானும் அங்கம்மா ஆன்ட்டியும்தான்.

ஹேமநாதன்: நானு?

வாசுகி: நீங்க உரிச்சதை உரிச்சதுன்னு சொல்ல முடியுமா? பாதி வெங்காயம் தோலோட போச்சு.

ஹேமநாதன்: கண்ணு எரிஞ்சுதுலா... அப்புறம் அந்த ஏர் ஃப்ரையர் குலுக்கல்.

வாசுகி: காளிதாஸ் அண்ணனுக்கு விழுந்துச்சு. அதோட கோயில் பக்கமே ஆளைக் காணோம். வீட்டுல உட்கார்ந்து கோழி வறுத்துக்கிட்டிருந்தாரு.

ஹேமநாதன்: இப்ப வந்துட்டாரே.

வாசுகி: வராம? நான் பாலர் பள்ளி டீச்சர், ஹேமா. நாலு வயசுப் பிள்ளைக்கு ஸ்டார் ஒட்டினா வேலை நடக்குது. ஐம்பது வயசு ஆம்பளைக்கு மட்டும் நடக்காதா?

அங்கம்மா: வாசுகி, இந்தக் காளிதாஸை என்னன்னு கேளு. கழுவி வெச்ச அண்டாவை மறுபடி கழுவிட்டு ஸ்டார் கேக்கிறான்.

வாசுகி: குடுக்காதீங்க ஆன்ட்டி.

அங்கம்மா: நான் எங்க குடுத்தேன்? அவனே எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டான். திருநீறுக்குப் பக்கத்துல மினுமினுன்னு நிக்கிறான்.

ஹேமநாதன்: அலமாக், அடக் கடவுளே.

அங்கம்மா: நீ சிரிக்காத. அந்தப் பக்கம் போய்ப் பாரு, தேங்காய் துருவுற இடத்துல கியூ நிக்குது. தேங்காய் முடிஞ்சு போச்சு, கியூ முடியல. நான் இந்த மடப்பள்ளியில இத்தனை வருஷமா சமைக்கிறேன், ஒரு ஆம்பளைகிட்ட "வேலை இல்ல, வீட்டுக்குப் போ"ன்னு சொன்னது இந்த வருஷம்தான்.

வாசுகி: போனாரா?

அங்கம்மா: எங்க போறது? பெண்டாட்டி வாசல்ல காடியை நிறுத்தி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. ஸ்டார் இல்லாம ஏத்த மாட்டாளாம்.

ஹேமநாதன்: ஒரு இடத்துக்காக இவ்வளவு பாடா ஆன்ட்டி?

அங்கம்மா: ஒரு இடமா? அடுத்த மாசம் பங்குனி உத்திரம்டா. முருகன் திருக்கல்யாணம். சாமிக்கு நேர் எதிர்ல மணையில உட்கார்ற இடம். வருஷா வருஷம் காசு உள்ளவங்கதான் உபயம் கட்டி அங்க உட்காருவாங்க. நம்மெல்லாம் தூணுக்குப் பின்னாடி எக்கி எக்கிப் பார்ப்போம். இந்த வருஷம் மடப்பள்ளியில வேலை செஞ்சு அதிகமா ஸ்டார் வாங்கினவங்களுக்கு அந்த இடம்னு இவ மைக்குல சொன்னாளா... நான் விடுவேனா? என் வீட்டு மனுஷன் முதுகு வலி முதுகு வலின்னு கத்தக் கத்த இழுத்துட்டு வந்தேன்.

ஹேமநாதன்: ஐயாசாமி மாமா இப்ப முருங்கைக்காய் நறுக்கினா ஸ்கேல் வெச்ச மாதிரி இருக்கு.

அங்கம்மா: இருந்து என்ன? இன்னைக்குப் பூசையோட ஸ்டார் கணக்கு முடியுது, இவரு ரெண்டாவதுதானே. யாரும் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு முதல்ல நிக்கிறது நீ. கல்யாணமே ஆகாத நீ.

வாசுகி: ஜெயிச்சவங்க ஜெயிச்சவங்கதான் ஆன்ட்டி.

அங்கம்மா: தம்பதியாதான் உட்காரணும்னு சொன்னது யாரு? நீதானே?

வாசுகி: நான்தான்.

அங்கம்மா: அப்ப இவன் யாரோட உட்காருவான்? கரண்டியோடவா?

ஹேமநாதன்: ஆன்ட்டி, சாம்பார் பொங்குது பாருங்க.

அங்கம்மா: மத்தியானப் பூசை முடிஞ்சதும் குருக்கள் வந்து பேரும் நட்சத்திரமும் கேப்பாரு. நீ ரெண்டு பேரைச் சொல்லணும். சொல்ல முடியலன்னா அந்த இடம் எங்களுக்கு. சரியா?

ஹேமநாதன்: சரி ஆன்ட்டி.

வாசுகி: என்ன சரி?

அங்கம்மா: அவனே சரிங்கிறான், உனக்கு என்ன? சேலைகூட எடுத்துட்டேன். கத்திரிப்பூ கலரு, பெரிய பார்டர்... ஹேமா, நீ சும்மா ஒன்னும் விட்டுக்குடுக்க வேணாம். யோங் பெங்ல என் தங்கச்சி மக இருக்கா, ஷர்மினி. நர்ஸு. இடத்தை நீ எனக்குக் குடு, அவளை நான் உனக்குப் பேசி முடிக்கிறேன்.

ஹேமநாதன்: அய்யோ, அதெல்லாம்...

அங்கம்மா: நல்ல பொண்ணுடா. லட்சணமா இருப்பா... வாசுகி, அந்த உருளைக்கிழங்கு உன்னை என்ன பண்ணுச்சு? ஏன் இந்த வெட்டு வெட்டுற?

வாசுகி: பொரியலுக்கு.

அங்கம்மா: பொரியலுக்கா, பொடிமாஸுக்கா? நான் போய் அடுப்பைப் பார்க்கிறேன். யோசிச்சு வை, ஹேமா.

வாசுகி: ...யோசிச்சாச்சா?

ஹேமநாதன்: எதை?

வாசுகி: யோங் பெங்கை.

ஹேமநாதன்: அந்த ஊரு பன்னுதான் எனக்குத் தெரியும். வேற யாரையும் தெரியாது... வாசுகி, ஒன்னு கேக்கணும்.

வாசுகி: கேளுங்க.

ஹேமநாதன்: அது வந்து... ரசத்துக்குப் புளி ஊற வெச்சாச்சா?

வாசுகி: ஊறிடுச்சு.

ஹேமநாதன்: நல்லது.

வாசுகி: இதைக் கேக்கவா இப்படித் தொண்டையைச் செருமினீங்க? போன வாரமும் "ஒன்னு கேக்கணும்"ன்னுட்டு, அப்பளம் எந்தக் கடையில வாங்கினேன்னு கேட்டீங்க. தைப்பூசத்தன்னிக்கு அவ்வளவு கூட்டத்துல என்னை ஓரமா கூட்டிட்டுப் போய், மழை வருமான்னு கேட்டீங்க.

ஹேமநாதன்: வந்துச்சே.

வாசுகி: வந்துச்சு. அந்தப் பதிலைச் சொல்லிட்டு நின்னதுல நான்தான் நனைஞ்சேன்.

ஹேமநாதன்: கேக்க வந்தது வேற. வாய்க்கு வர்றப்போ அப்பளமா மாறிடுது. நான் என்ன செய்ய?

வாசுகி: இடத்தை உண்மையிலேயே ஆன்ட்டிக்குக் குடுத்துடப் போறீங்களா?

ஹேமநாதன்: வேற வழி? பக்கத்துல உட்கார ஆள் வேணுமே... நான் அந்த இடத்துக்காக வரல, வாசுகி.

வாசுகி: தெரியும். அம்மா சொல்லித்தான் வர்றேன்னு சொன்னீங்களே. "போடா, சாமி காரியம், புண்ணியம்"ன்னு அனுப்பினாங்கன்னு.

ஹேமநாதன்: ஆமா, ஆமா. அம்மாதான்.

அங்கம்மா: யாரு, உங்கம்மாவா?

ஹேமநாதன்: ஆன்ட்டி, நீங்க அடுப்புகிட்ட இருந்தீங்க...

அங்கம்மா: அடுப்பு இங்கதான் இருக்கு, காதும் இங்கதான் இருக்கு. நேத்து பசார்ல உங்கம்மாவைப் பார்த்தேனே. "என் மகன் ஞாயித்துக்கெழமைகூட வீட்டுல தங்க மாட்டான், பாலத்தைத் தாண்டிப் போய் சிங்கப்பூர்ல ஓவர்டைம் பாக்கிறான்"னு மீன்காரன்கிட்டகூடப் பெருமையா சொல்லிக்கிட்டிருந்தா.

வாசுகி: ஓவர்டைமா?

ஹேமநாதன்: முன்னாடி பார்த்தேன்... இப்ப நிறுத்திட்டேன். அம்மாகிட்ட சொல்லல.

வாசுகி: எப்ப நிறுத்தினீங்க? ஸ்டார் குடுக்க ஆரம்பிச்சப்பவா?

ஹேமநாதன்: இல்ல.

வாசுகி: ஏர் ஃப்ரையருக்கா?

ஹேமநாதன்: அதுக்கும் முன்னாடி.

வாசுகி: டி-ஷர்ட்டுக்கா? அந்தச் சைஸ் உங்களுக்குப் பத்தவே இல்லையே.

ஹேமநாதன்: நீ ஆளே வரலன்னு சொன்னப்போ உன் முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன், இனி ஞாயிறு வர மாட்டேன்னு.

அங்கம்மா: வாசுகி, கத்தியைக் கீழ வைம்மா. விரலை வெட்டிக்கப் போற.

வாசுகி: அப்ப எதுக்கு "ஏதாச்சும் குடு, அப்பத்தான் வருவாங்க"ன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க?

ஹேமநாதன்: மத்தவங்களுக்குச் சொன்னேன். எனக்கு எதுவும் குடுக்க வேணாம்னு சொல்லவா முடியும்? "ஏன்?"னு கேப்ப.

வாசுகி: கேட்டிருப்பேன்.

ஹேமநாதன்: அதான்.

அங்கம்மா: மணி அடிச்சாச்சு. பூசை முடிஞ்சிருச்சு, குருக்கள் இந்தப் பக்கம்தான் வர்றாரு. என் வீட்டுக்காரரைக் கூப்பிடுறேன். ஏங்க, அந்த முருங்கைக்காயை அப்படியே போட்டுட்டு வாங்க, கையைக் கழுவிட்டு வாங்க...

ஹேமநாதன்: ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க.

அங்கம்மா: எதுக்கு?

ஹேமநாதன்: ஒன்னு கேக்கணும்.

அங்கம்மா: என்னையா?

ஹேமநாதன்: இல்ல, வாசுகியை.

அங்கம்மா: புளியெல்லாம் நல்லா ஊறிடுச்சுடா.

வாசுகி: ஆன்ட்டி, ப்ளீஸ்.

ஹேமநாதன்: வாசுகி... அப்பளம்...

வாசுகி: ஹேமா.

ஹேமநாதன்: இல்ல, இல்ல. இரு. மூச்சு விட்டுக்கிறேன்... வாசுகி, என் பக்கத்துல நீ உட்காரணும். மணையில மட்டும் சொல்லல. காடியில, வீட்டுல, உங்கப்பா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா அவரு எதிர்லயும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?

அங்கம்மா: போச்சு என் கத்திரிப்பூ சேலை.

வாசுகி: அதைக் கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டு வாங்க ஆன்ட்டி. முன் வரிசையில உட்கார வைக்கிறேன்.

அங்கம்மா: அப்ப சரின்னு அர்த்தமா? ஏங்க, நீங்க முருங்கைக்காயே நறுக்குங்க.

ஹேமநாதன்: சரியா? நிஜமா சரியா? ஆனா வாசுகி, உத்திரம் அடுத்த மாசம். அதுக்குள்ள எப்படிக் கல்யாணம் பண்ணி, தம்பதியா...

வாசுகி: நிச்சயம் பண்ணிக்கிட்டாலே போதும், தாராளமா உட்காரலாம்னு குருக்கள் சொல்லிட்டாரு.

ஹேமநாதன்: அவரை எப்பக் கேட்ட?

வாசுகி: போட்டியை மைக்குல அறிவிக்கிறதுக்கு முந்தின நாள்.