ஆள் இல்லாத சீட்டு

இல்ல சடையப்பண்ணா, இன்னொரு டீ சொல்லிட்டேன், உக்காருங்க. மைன்ஸுக்குப் போற செகண்ட் ஷிப்ட் பஸ்ஸு பிளாக்கு பிளாக்கா சுத்தி ஆள ஏத்திகினுதான வரணும், அதுக்குள்ள இன்னா அவசரம். முத்தாண்டிக்குப்பத்துல இருந்து டவுன் பஸ்ஸுல நசுங்கி வந்திருக்கீங்க, மூஞ்சியெல்லாம் வேத்துப்போயி கெடக்குது. ரோட்டுப் பக்கம் வெயிலு அடிக்குது பாருங்க, இப்புடித் திரும்பி உக்காருங்க. ஆங், அதான்.

நானா? உடம்பு ஒரு மாதிரி இருக்குதுன்னு சொல்லிட்டு பாதியிலயே கெளம்பி வந்துட்டேண்ணா. காச்சலெல்லாம் இல்ல, வயிறுதான். ஐயய்யோ, நீங்க குடுத்த பலாப்பழத்தால இல்லண்ணா! அத நான் எங்க தின்னேன். வூட்டுல அம்மாவும் தங்கச்சியும் கொட்டயக்கூட உடல, கொழம்பு வச்சிட்டாங்க. இம்மாம் பெரிய பழத்த தோள்ல வச்சிகினு வந்து, தனகோட்டி, என் டோசர சரி பண்ணிக் குடுத்தவன்டா நீன்னு அத்தினி பேரு முன்னாடி குடுத்தீங்களே, எனக்கு ஒரு சொளகூட எறங்கலண்ணா. ஏன்னா... ஏன்னு இன்னா சொல்றது. டீ ஆறுது, குடிங்க.

ஆமாமா, மண்ணு தள்றத உட்டுட்டு ஒரு வாரமா நம்மள அழ வச்ச மிஷினுதான அது. லிவரத் தொட்டா நவுரும், ஒரு மேடு ஏறி எறங்கினா அப்புடியே நின்னுப்புடும். எஞ்சின் ஓடும், மிஷினு கல்லாட்டம் கெடக்கும். மேல ஒர்க்ஷாப்புக்குக் கொண்டாந்தா சொன்ன பேச்சு கேக்கும், கீழ மைன்ஸுல எறங்கினா மறுபடி அடம் புடிக்கும். பேட்டரியப் பாத்தேன். எங்கயாச்சும் எலி கடிச்சிருக்கான்னு ஒயரு மொத்தமும் தடவித் தடவிப் பாத்தேன். லிவருகிட்ட இருக்கிற கனெக்டரக் கழட்டி தூசிய ஊதி ஊதி, மூக்கச் சிந்தினா கருப்பா வந்துச்சு. ராமலிங்கம் சூப்பர்வைசரு வேற பின்னாடியே நின்னுகினு, இன்னாடா, நீ எலக்ட்ரீஷியனா ஜோசியக்காரனாங்கறாரு. அப்ப நீங்கதான் சொன்னீங்க, நிமுந்து உக்காந்தா ஓடுது தனகோட்டி, சாஞ்சா நிக்குதுன்னு. அப்பதான் மண்டையில ஒறச்சுச்சு, சீட்டுன்னு.

சீட்டுக்குள்ள ஒரு சுவிட்ச் இருக்குதுல்லண்ணா. ஆளு கனம் அது மேல இருந்தாதான் லிவரு வேல செய்யும். நீங்க எந்திரிச்சிட்டீங்கன்னா லிவர ஆரு இழுத்தாலும் மிஷினு அசையாது. ஆளில்லாம ஓடிடக் கூடாதுன்னு வச்சிருக்கிற காவலு அது. அந்தச் சுவிட்ச்தான் போயிருந்துச்சு. நீங்க உக்காந்தே இருந்தாலும் சீட்டுல ஆளில்லன்னு நெனச்சிகினு நிறுத்திச்சு.

மாத்தினதா? ம்... சரி பண்ணேன். புதுசு இந்தா வருது அந்தா வருதுன்னு ஸ்டோர்ல சொல்லிகினேதான் இருக்காங்க. அது கெடக்கட்டும். பஜ்ஜி சாப்புடறீங்களா? வாழக்கா சூடாப் போடறாங்க. அக்கா, ரெண்டு குடுங்க இங்க.

திரும்பாதீங்கண்ணா, அது ஸ்கூல் வேனு. பஸ்ஸு வந்தா எனக்குத் தெரியாதா.

காலைல அறிவுச்செல்வன் கதையக் கேட்டீங்களா? உங்க மிஷினுல ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு அவருதான. கால் பெசகி வூட்டுக்குப் பூட்டாரு. மிஷினு உருள்ற செயினுல கல்லு மாட்டிகினுச்சுன்னு எறங்கியிருக்காரு. எல்லாரும் பண்றதுதான, ஒரு நிமிச வேலைக்கி எவன் எஞ்சின நிறுத்தறான், எவன் லிவருக்கு லாக்கு போடறான். சாப்பாட்டுப் பைய லிவருக்கு மேல கம்பியில மாட்டியிருந்தாராம். அது நழுவி லிவரு மேல உழுந்திருக்குது. மிஷினு பொறப்பட்டுடுச்சுண்ணா! அவரு செயினுக்கு முன்னாடி குனிஞ்சிகினு இருக்காரு. சத்தம் மாறுதேன்னு சைடுல குதிச்சாரு, பொழச்சாரு. அது பாட்டுக்கு ஊந்து போயி மண்மேட்டுல முட்டி நின்னுச்சாம். இத கேண்டீன்ல நொண்டிகினே நடிச்சிக் காட்டறாரு. எம் பொண்டாட்டி கட்டிக் குடுத்த புளிசோத்துக்கும் ஒரு ஆப்பரேட்டர் லைசென்ஸ் குடுங்கடான்னு. அத்தினி பேரும் உழுந்து உழுந்து சிரிக்கிறாங்க. ராமலிங்கம் சாருக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. சீட்டுல ஆளில்லாம அது எப்புடிடா நவுந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கலண்ணா. நான்தான் இட்டிலிய அப்புடியே வச்சிட்டு எந்திரிச்சேன்.

கீழ போயி மிஷின ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடறேன், ஜீப்பு குடுங்க சார்னு கேட்டேன். கம்ப்ளெயிண்ட் எழுதாத மிஷினுக்கு எதுக்குடா ஜீப்பு, சடையப்பன் வந்து எடுத்துக்குவான், நீ போன்னுட்டாரு. அப்பவே வாயத் தொறந்திருக்கணும். நான் காண்ட்ராக்ட் ஆளு, அத புதுசு பண்ற மாசம் இது, என் கேட் பாஸு அவரு கையெழுத்துலதான் இருக்குது. வாய் வரைக்கும் வந்துச்சுண்ணா, முழுங்கிட்டேன்.

எந்திரிக்காதீங்க. பஸ்ஸா? அது பூட்டுச்சுண்ணா. நீங்க பஜ்ஜியப் பிச்சி ஊதிகினு இருந்தப்ப உங்க முதுகுப் பக்கமாத்தான் போச்சு. நான் பாத்தேன். மறந்துபோயி இல்லண்ணா, வேணும்னுதான் சொல்லல. திட்டுங்க. ஆப்சென்ட் போடுவாங்க, இன்னிக்கி சம்பளம் போச்சு, எல்லாம் தெரியும். நீங்க போவலன்னா அந்த மிஷின எடுக்க ஆளு கெடயாதுல்ல, ஒரு நாளு சும்மா நிக்கட்டும். நாளைக்கி காலைல மொத ஆளா நான் கீழ எறங்கி... முன்னாடியே சொல்லியிருந்தா, நான் பாத்து ஓட்டிக்கிறேன் போடான்னு ஏறிப் போயிருப்பீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா.

போனு அடிக்குது பாருங்க. ராமலிங்கம் சாரா? எடுத்து, பஸ்ஸ உட்டுட்டேன்னு சொல்லுங்க.

இன்னாவாம்?

ஆர? சுதாகரயா? அந்த மாத்து ஆப்பரேட்டரு லீவுன்னு சொன்னாங்களே. வந்துட்டானா? அவன கீழ அனுப்பிட்டாரா?

போன இப்புடிக் குடுங்கண்ணா. குடுங்க.

சார், எலக்ட்ரீஷியன் தனகோட்டி பேசறேன். இல்ல சார், உடம்பு நல்லாத்தான் இருக்குது. சுதாகர அந்த மிஷினுல ஏத்தாதீங்க சார். வாக்கி டாக்கில சொல்லி இப்பவே நிறுத்துங்க. அதுல சீட்டு சுவிட்ச் வேல செய்யல. ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப்பு சுத்தி உட்டிருக்கேன், சீட்டுல ஆளு இருந்தாலும் இல்லன்னாலும் அதுக்கு ஒண்ணுதான். ஆரும் செய்யச் சொல்லல சார். சடையப்பண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது, அவரு பாவம் எனக்குப் பலாப்பழம் குடுத்தாரு. ஆமா சார், நான்தான். ம். கேட் பாஸு என் சட்டப் பையிலதான் இருக்குது, கொண்டாந்து குடுத்துடறேன். மொதல்ல சுதாகர எறங்கச் சொல்லுங்க சார்.