எச்சரிக்கையை விழுங்கிய ஹேண்ட்லர்

எனது பெயர் அழகன் நிரூபா. வயது இருபத்தேழு. நோர்வூட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஹட்டன் நகரில் திரு. சஞ்சயன் நடத்தும் கணினி நிறுவனத்தில் மென்பொருள் எழுதுவது என் தொழில். நான் அவரைக் கன்னத்தில் அறைந்ததாக அவர் கொடுத்த முறைப்பாடு பற்றிப் பொலிஸ் நிலையத்தில் விசாரிக்கப்பட்டபோது பின்வருமாறு கூறுகிறேன். அறைந்தது உண்மை. அதை மறுக்க நான் இங்கே வரவில்லை.

2008ஆம் ஆண்டு ஹட்டனில் உள்ள ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்கு நோயாளர் விபரம், மருந்து, பில் மூன்றையும் பார்க்கும் மென்பொருள் எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. முன்னர் அங்கிருந்த மென்பொருளில் ஒவ்வொரு பகுதியும் மற்றப் பகுதிகளை நேரடியாகக் கூப்பிட்டபடியால், பில்லில் ஒன்றைத் திருத்தினால் மருந்துப் பகுதி நின்றுவிடும். ஆகவே மீடியேட்டர் முறையில் அமைந்த, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த சிறிய லைப்ரரி ஒன்றை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலை எடுத்தேன். அதில் எந்தப் பகுதியும் இன்னொன்றோடு நேரே பேசாது. செய்தியை நடுவிலுள்ள மீடியேட்டரிடம் கொடுக்கும்; மீடியேட்டர் அந்தச் செய்திக்கென்று பதிவு செய்த பகுதியிடம் அதைச் சேர்த்துப் பதிலை வாங்கி வரும். செய்தியை வாங்கி வேலை செய்யும் பகுதியை ஹேண்ட்லர் என்போம். லைப்ரரி மிகச் சிறியதென்பதால் பயன்படுத்துமுன் அதன் ஒவ்வொரு வரியையும் வாசித்தேன். ஒரு செய்திக்கு ஹேண்ட்லர் இல்லாவிட்டால் அது பேசாமல் இருக்காது, பிழை காட்டி நின்றுவிடும். அதற்காகவே அதைத் தெரிவு செய்தேன்.

மருந்துக் கவுண்டரில் மருந்தின் பெயரை அடித்தவுடன், அது அந்த நோயாளிக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வி மீடியேட்டர் வழியாக ஒவ்வாமை ஹேண்ட்லருக்குப் போகும். ஒத்துக்கொள்ளாதென்றால் திரை சிவக்கும். வைத்தியர் வந்து தன் கடவுச்சொல்லை இட்டால்தான் மருந்து கொடுக்கலாம். இது ஒரு வருடத்துக்குக் கிட்ட ஒழுங்காக வேலை செய்தது.

அதன் பின்னர், சென்ற ஜூன் மாதம் மருத்துவ நிலைய முகாமையாளர் திரு. துரைராசா, சிவப்புத் திரையால் வரிசை நீளுவதாகவும் நோயாளிகள் வேறிடம் போவதாகவும் சஞ்சயனிடம் முறையிட்டார். சஞ்சயன் என்னிடம், "பிள்ளை, அந்தச் சிவப்பை நிப்பாட்டிவிடும். கிளினிக் ஆக்கள் கரைச்சல்படுகினம்" என்றார். நான், "முடியாதுங்க சேர். எது லேசானது, எது ஆபத்துன்னு பிரிச்சுத் தாறேன். கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் சரி என்றார். நானும் நம்பி அந்த வேலையைத் தொடங்கினேன்.

அதன் பின்னர் ஆகஸ்ட் மாதம், எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலாயி நெஞ்சுச் சளிக்கு மருந்தெடுக்க அங்கே போனார். அவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்பது முன்னரே கணினியில் பதியப்பட்டிருந்தது. அன்று புது வைத்தியர். அவர் எதையும் கேட்காமல் பெனிசிலின் வகை மருந்தை எழுதினார். கவுண்டரில் நின்ற மஃறூப் அதைக் கணினியில் அடித்தார். திரை சிவக்கவில்லை. வேலாயி அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் குளிசையை விழுங்கிவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடக்கையில், முகம் வீங்கி, மூச்சடைத்து, வீதியில் விழுந்தார். அரச ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் மூச்சு நின்றதில் மூளை பாதிக்கப்பட்டபடியால் இன்றுவரை பெற்ற மகளை அவருக்கு அடையாளம் தெரியாது. மகள் சோறு ஊட்டினால் வாயைத் திறக்கிறார். விழுங்கும்படி சொல்ல வேண்டும்.

அதன் பின்னர் மஃறூப் எனக்குத் தொலைபேசி எடுத்து, "மிஸ், நான் சரியாத்தான் அடிச்சேன். ஒண்டும் காட்டல்ல" என்று அழுதார். நான் அலுவலகத்தில் நிரலைத் திறந்து பார்த்தேன். எனது ஒவ்வாமை ஹேண்ட்லரின் பதிவு நீக்கப்பட்டிருந்தது. அதனிடத்தில் வேறொன்று இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி: யார் கேட்டாலும், எந்த மருந்தென்றாலும், ஒத்துக்கொள்ளும் என்று பதில் சொல்வது. என்னுடையதை வெறுமனே நீக்கியிருந்தால் லைப்ரரி முதல் மருந்திலேயே பிழை காட்டி நின்றிருக்கும், மஃறூப் என்னைக் கூப்பிட்டிருப்பார். அது நடக்கக்கூடாதென்றே அந்த வெற்று ஹேண்ட்லர் எழுதப்பட்டது. கை தவறி அப்படி எழுத முடியாது.

சஞ்சயனிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "நான்தான் போட்டனான். நீர் மாத்தித் தாற வரைக்கும்தானே. இப்பிடி வருமெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். அதை வேலாயியின் வீட்டாரிடம் வந்து சொல்லும்படி கேட்டேன். வருவதாகச் சொன்னார். அவர் முன்னாலேயே வெற்று ஹேண்ட்லரை அகற்றி என்னுடையதை மீண்டும் பதிந்தேன்.

மறுநாள் மருத்துவ நிலையத்தில் வேலாயியின் மகள், துரைராசா, மஃறூப் ஆகியோர் இருக்க, சஞ்சயன் என்னைக் கைகாட்டி, "இந்தப் பிள்ளை இன்டர்நெட்டில சும்மா கிடந்த ஏதோ சாமானைக் கொண்டுவந்து பூட்டிட்டா. அது செய்தியை விட்டிட்டுது" என்றார். மகளும் நானும் ஒரே பாடசாலையில் படித்தவர்கள். அவள் என்னைப் பார்த்து, "நீ செஞ்சதாடி இது?" என்று கேட்டாள். அப்போது சஞ்சயனை அறைந்தேன். ஒரு தடவைதான். அவர் கண்ணாடி கீழே விழுந்தது. நான் அதை மிதித்து உடைத்ததாக முறைப்பாட்டில் இருப்பது பொய். அதன் பின்னர் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இந்த வாக்குமூலம் முதலில் சிங்களத்தில் எழுதப்பட்டது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். "மென்பொருளில் ஏற்பட்ட கோளாறினால்" என்று அதில் இருந்தது. கையொப்பமிட மறுத்தேன். நான் சொன்னதும் அதுவும் ஒன்றுதானே என்று அதை எழுதிய அதிகாரி கேட்டார். "ஒண்ணு இல்லைங்க. கோளாறு தானா வரும். இத ஒரு ஆள் ஒக்காந்து எழுதினாரு" என்றேன். அதன் பின்னரே தமிழ் தெரிந்த உத்தியோகத்தரை வரவழைத்து இதை எழுதினார்கள்.

அறைந்ததற்கு நீதிமன்றம் என்ன விதித்தாலும் ஏற்கிறேன். கோளாறு என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரைப் போட மாட்டேன். இங்கே அது காரணமாக எழுதப்படவில்லை என்பதையும் மற்றவை நான் சொன்னபடியே இருப்பதையும் நானே வாசித்துப் பார்த்து, உண்மையென ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. நிரூபா