குமிழி போன பக்கம்

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். பரவாயில்லை, குடிக்கலாம்.

அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஜப்பான்காரன் செய்தது. மேலே நிறம் நிறமாகக் குமிழிகள் தொங்கும். கீழேயிருந்து குறிபார்த்துச் சுட வேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் வெடிக்கும். சின்ன வயதில் புத்தளம் டவுனில், காசு போட்டு விளையாடும் பெட்டியில் பழகினேன். பிறகு டீவியில் கொழுவுகிற பெட்டிகளுக்கும் அதே ஆட்டம் ஒன்று மாறி ஒன்றாக வந்தது. கலியாணம் முடித்த கையோடு ஒன்றை வாங்கிவந்து என் மனைவி நுஸ்ராவுக்குப் பழக்கியது நான்தான். இருவர் ஆடினால், ஒருவர் வெடிக்க வைப்பது மற்றவர் பக்கம் போய் விழும்.

மாலையில் அது எனக்கும் அவளுக்குமான நேரம், அவளுடைய தம்பி ஸப்ராஸ் கற்பிட்டிக்கு எங்களோடு தங்க வரும்வரை. நல்லவன், இல்லையென்று சொல்லமாட்டேன். சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலடியில் கடலட்டை பிடிக்க முழுகுவான், என் படகில்தான். கரைக்கு வந்தால் டீவிக்கு முன்னால் என் இடத்தில் இருப்பான்.

“டேய் களவாளி, எல்லாத்தையும் என்ட பக்கமே தள்ளுறியே!” என்று அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னோடு அப்படிச் சிரித்ததேயில்லை. எனக்கு வயிறு எரிந்தது, சேர். கூடப்பிறந்தவன்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். சிரிப்பு சிரிப்புத்தான்.

என்னோடு ஏன் விளையாடுவதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“நீங்க தோத்தா மொகம் கறுத்துப் போகுது. அவனோட எண்டா சிரிச்சிட்டுப் போகலாம்,” என்றாள்.

நியாயமான பதில். நான் கோபப்படவில்லை.

முழுகுகிறவனுக்குப் படகோட்டுவது பெரிய வேலையில்லை. அவன் விடும் மூச்சு மேலே குமிழியாக வரும். அது போகும் பக்கம் படகும் போக வேண்டும், அவ்வளவுதான். அதனால் நாங்கள் நங்கூரம் போடுவதில்லை. போட்டால் படகு நிற்கும், ஆள் நீரோட்டத்தோடு போய்விடுவான்.

“மச்சான், கண்ண எடுக்காதீங்க. இண்டைக்கு இழுவை கூட,” என்று சொல்லிவிட்டு அன்றைக்கு ஸப்ராஸ் குதித்தான்.

“ஓம், நீ போ,” என்றேன்.

பிறகு நங்கூரத்தைப் போட்டேன். அவனை நான் தள்ளவில்லை, அடிக்கவுமில்லை. குமிழிகள் வடக்கே போயின. கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை. பாணும் சம்பலும் கொண்டுபோயிருந்தேன். சாப்பிடும்போது தூரத்தில் ஒரு கை தெரிந்தது. என்னைத்தான் கூப்பிட்டான். மிச்சப் பாணையும் சாப்பிட்டு முடித்தேன். கை தெரியாமல் போன பிறகு நங்கூரத்தைத் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து கரைக்கு வந்தேன்.

எஞ்சின் நின்றுவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அவனுடைய ஜனாஸா அன்று பின்னேரமே ஆலங்குடாக் கரையில் ஒதுங்கியது. நுஸ்ராவின் வாப்பாவும் முழுகுகிறவர்தான், அவளுக்கு இந்தத் தொழில் தெரியும். அழுதுகொண்டே படகில் ஏறியவள் நங்கூரக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். நங்கூரத்தில் சேறும் இருந்தது. நேரே பொலிஸுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

எல்லாம் சொல்லிவிட்டேன், எங்கே கையெழுத்து வைக்க வேண்டும்? அவள் வெளியே நிற்கிறாள் என்றால் ஒருக்கா உள்ளே வரச் சொல்லுங்கள், சேர். எவ்வளவு கோபம் இருந்தாலும் வருவாள். இனி அவளோடு விளையாட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?