பட்டர் ஃப்ரூட் தோட்டத்து அணில்

...பின்ன என்னுங்க, அந்தப் பாலகோபாலண்ணனத்தான் சொல்றேன், வேற ஆரச் சொல்லப் போறேன்! வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரரு. என்ற மரத்துல வெள்ள ஈய ஏத்தி உட்டதே அவருதானுங்க. இந்த எலையத் தொட்டுப் பாருங்க அஃப்ரா அம்மணி... பிசுக்குப் பிசுக்குன்னு ஒட்டுதுங்களா? அடியில பாருங்க, வெள்ள வெள்ளயாச் சுத்திச் சுத்திக் கோலம் போட்டாட்ட. மேல பூராக் கரி.

வேளாண்மை ஆபீஸ்ல இருந்து வருவாங்க வருவாங்கன்னு போன மாசமே சொன்னாங்க... செரி, இப்பவாவது வந்தீங்களே. மோரு குடிங்க. அட, குடிங்கங்கறேன்!

முப்பது மரம் அம்மணி. பொள்ளாச்சியில எல்லாரும் தென்னை வெப்பாங்க, இந்த மாசாணி பட்டர் ஃப்ரூட்டு வெக்கிறாளாமான்னு எங்கூட்டுக்காரரு சிரிச்சாரு பாருங்க... மாட்டுச்சந்தைக்குப் போற பஸ்ஸுல ஏறி ஒக்காந்துங்கூடச் சிரிச்சாரு. நாலு வருசம் கொடங்கொடமாத் தண்ணி ஊத்துனது நானு. இப்பத்தான் மொதக்காய் புடிச்சிருக்குது. அதுவும் இந்த ஈயால உதுந்து கொட்டுது. காய் நிக்கலீன்னா ஆடி முடியறதுக்குள்ள அத்தனையும் வெட்டிப்போட்டுத் தென்னம்புள்ள வெச்சுருவேன்னுட்டாரு. குழியெடுக்க ஆளுங்கூடச் சொல்லியாச்சுங்க! எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

எங்க உட்டேன்... ஆங், பாலகோபாலண்ணன். பேங்குல இருந்து ரிட்டையரு ஆனவரு. தோட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையிலதான் வருவாரு. வரட்டும், வேண்டாங்கல. கையில என்ன வெச்சிருப்பாருங்கறீங்க? மம்முட்டியா, அருவாளா? ஸ்டேப்ளருங்க! பூச்சி புடிச்ச எலைய எங்கிருந்தோ வாங்கியாந்து, துண்டு துண்டாக் கத்தரிச்சு, மரத்து எலையில டொக்கு டொக்குன்னு பின் அடிக்கறாரு. கடுதாசிக் கட்டுன்னு நெனச்சுட்டாராட்ட இருக்குது! மருந்தும் அடிக்க மாட்டாராமா. பூச்சிக்கு மனசு நோகுமாட்ட!

அவரு தோட்டத்துல என்னமோ பண்ணட்டும். வேலியத் தாண்டி வந்து என்ற மரத்துலயும் ரெண்டு வரிசைக்கு அடிச்சுப்போட்டுப் போயிருக்கறாருங்க! அப்பறம் என்னமோ சொல்ல வந்தாரு, நான் காதுல வாங்கலீங்க. மூஞ்சியத் திருப்பிட்டு வந்துட்டேன். பேசி ஒரு மாசமாச்சு.

நான் உடுவனா? அத்தனையும் பிச்சு, சாக்குல போட்டு, வெந்நி அடுப்புல வெச்சுப்போட்டேன். அடுத்த வாரம் மறுபடி அடிச்சாரு. மறுபடி பிச்சேன். மூணு தடவைங்க! அவரு பக்கத்து ஓரத்துல இருந்ததயுங்கூட எட்டி எட்டி... ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. பாவம், அந்த மனுசன் அணிலு வந்து பிய்க்குதுன்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறாரு. அணிலுக்கு வலை கட்டப் போறாராமா! எனக்கு வகுறு வலிக்கச் சிரிப்பு.

அதோட நிப்பனா, கடைக்காரரு குடுத்த மருந்தக் கெட்டியாக் கலக்கி ரெண்டு தடவ அடிச்சேன். ஈ கொறையும்னு பாத்தா ரெண்டு பங்காயிருச்சு. அது என்ன மாயமோ, நீங்கதான் சொல்லோணும்...

என்னுங்க பையத் தொறக்கறீங்க?... இதேதானுங்க! இதே எலைத்துண்டு! உங்ககிட்ட எப்புடி...? அண்ணனுக்கு நீங்கதான் குடுத்தீங்களா? எனக்குஞ் சேத்தா?

இந்தக் கண்ணாடியிலயா? இருங்க... கருப்புக் கருப்பாப் புள்ளி தெரியுதுங்க. குளவியா? இத்தினிக்கோண்டா? வெள்ள ஈக்குஞ்சுக்குள்ளயே முட்ட வெச்சு, அதத் தின்னுபோட்டு வெளிய வருமா? அப்ப அந்தக் கருப்புப் புள்ளியெல்லாம்... நம்ம ஆளுங்களா?

அய்யோ, மூணு சாக்கு அம்மணி! அதுல வெந்நி வெச்சு எங்கூட்டுக்காரரு குளிச்சாருங்க!

நான் அடிச்ச மருந்து, தப்பிச்ச குளவியையும் கொன்னுருக்குமா... அதான் ஈ ரெண்டு பங்காச்சா... செரி, நிறுத்திப்போடறேன். சத்தியமா இனித் தொடமாட்டேன். காய் நிக்குமுங்களா, அதச் சொல்லுங்க... மறுபடி எலைத்துண்டு அடிச்சாப் பாதியாச்சும் நிக்குமா? அது போதுமுங்க, நான் வெட்ட உடமாட்டேன். எங்க, அந்தத் துண்டக் குடுங்க... இதொண்ணுதானா? மீதிக் குளவியெல்லாம் பாலகோபாலண்ணன் தோட்டத்துலதான் பெருகியிருக்குதா?

நீங்களே போயிச் சொல்லிப்போடறீங்களா, நாந்தான்னு சொல்லாம... வேண்டாம், இருங்க. அந்தா நிக்கறாரு, கையில வலையோட.

ஏனுங்ண்ணா! பாலகோபாலண்ணோவ்! வலையக் கீழ போட்டுப்போட்டு ஸ்டேப்ளர எடுத்துட்டு வாங்க. அணிலு இங்கதான், மோருச் சொம்போட நிக்குது!