தொட்டிலில் ஆடிய வாட்சுகள்

எங்கள் கைக்கடிகார ரசிகர் சங்கத்துக்குப் புதிதாய் வாய்த்த தலைவரும், யார் எந்த வாட்சை நீட்டினாலும் ‘ஆஹா!’ என்று சொன்ன ஒரே தகுதியால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும், தொழிலால் பல் டாக்டரும், உறவால் என் சம்பந்தியுமான பெருந்தகையீர்! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! கணவன்மாரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போக வந்து, வேறு வழியில்லாமல் உட்கார்ந்துவிட்ட தாய்மார்களே! அவர்களுள் ஒருவராய் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! இரண்டு கையிலும் இரண்டு வாட்ச் கட்டிய இந்த எளியவனின் வணக்கம்.

‘உயர்ரக வாட்ச் சேகரிப்பின் மாண்பு’ பற்றிப் பேசச் சொன்னார்கள். மாண்புக்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் வாட்சுகளைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடியவன்.

சிரியுங்கள், சிரியுங்கள். கடைசி வரிசையில் ரொம்பச் சிரிக்கிற அண்ணே, உங்கள் வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும்!

என்னிடம் இருந்தவை கை ஆட ஆடத் தானே முறுக்கேறும் வாட்சுகள். கட்டாமல் வைத்தால் இரண்டு நாளில் மூர்ச்சை. நின்றால் நிற்கட்டுமே என்பீர்கள். நிலா வளர்வதையும் தேய்வதையும் காட்டும் வாட்ச் ஒன்று இருக்கிறதே, அது நின்றால் என்ன ஆகும்? வானத்தில் பௌர்ணமி, என் கையில் அமாவாசை! மனம் தாங்குமா? மனிதன் தூங்குவானா?

இருப்பதோ இரண்டு கை. வாட்சுகளோ ஆறு. பார்த்தேன். மகள் வளர்ந்த பின் பரணில் கிடந்த மரத்தொட்டிலை இறக்கினேன். ஆறையும் மெத்தைமேல் வரிசையாய்ப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியும் போர்த்தினேன். இடமும் வலமும் தலையாட்டும் மேசை ஃபேனின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலில் கட்டினேன். ஃபேன் திரும்பத் திரும்பத் தொட்டில் ஆடியது; தொட்டில் ஆட ஆட வாட்ச் ஓடியது; வாட்ச் ஓட ஓட என் இல்லத்தரசியின் ரத்தக்கொதிப்பு ஏறியது.

“பெத்த பொண்ணு அழுதப்போ ஒரு நாள் ஆட்டியிருப்பீங்களா?” என்றாள்.

“அவ நின்னு போகமாட்டாளேடி!” என்றேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது.

இப்படியிருக்க, மகளுக்கு ஒரு பையனைப் பிடித்துப்போனது. பையன் வீட்டார் பேச வருகிறார்கள். மனைவி உத்தரவு போட்டாள்: “வாட்சுங்கற வார்த்தை உங்க வாயிலிருந்து வரக்கூடாது. கிறுக்குப் பிடிச்ச குடும்பம்னு எழுந்து போயிட்டாங்கன்னா, பொண்ணு முகத்துல நான் முழிக்க முடியாது.” மகளோ என் இரு கையிலிருந்தும் வாட்சைத் தானே கழற்றித் தொட்டிலில் சேர்த்தாள். அதைப் பார்த்த பிறகு வாயைத் திறப்பேனா?

வந்தார்கள். அமர்ந்தார்கள். காபி குடித்தார்கள். பையனின் அம்மா கை கழுவ எழுந்து, உள்ளறையைத் தாண்டினார். கதவு ஒருக்களித்திருந்தது. போனவர் கால் அப்படியே நின்றது. உள்ளே, யாருமில்லாத அறையில், துணி போர்த்திய தொட்டில் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது!

திரும்பி வந்து கேட்டார்: “வீட்ல… சின்னக் குழந்தை இருக்கா?”

“இல்லையே” என்றாள் என் மனைவி.

“அப்போ அந்தத் தொட்டில்ல யாரு?”

அவையோரே! அந்த மௌனத்தை எந்த வாட்சால் அளப்பது? என் மனைவி காலி டம்ளர்களை அடுக்குகிறாள். பையன் கூரையைப் பார்க்கிறான். அவன் அம்மா என் மகளைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமோ?

எழுந்தேன். உத்தரவை மீறினேன். “தங்கச்சி, ஒருத்தரில்ல, ஆறு பேர்! ஆறும் என்னுடையவை! வந்து பாருங்க!” என்று துணியை விலக்கினேன்.

அந்த அம்மா பார்த்தார். வாட்சைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். “இதுக்குக் குழந்தையே இருந்திருக்கலாம்” என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “ஆஹா!”

யார் அது? பையனின் அப்பா! இதோ, இந்த மேடையில் கூச்சத்தோடு நெளிகிற நம் தலைவர்! தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முந்நூறு மீட்டர் கடலாழம் தாங்கும் வாட்சைக் காட்டினேன். அது குளியலறை வாளியைத் தாண்டியதில்லை என்பதையும் சொன்னேன். “ஆஹா!” நிலா வாட்சைக் காட்டினேன். “ஆஹா, ஆஹா!” அவர் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன். வெயிலில் கறுத்த மணிக்கட்டில், அகலமாய் ஒரு வெள்ளைத் தடம்! வருஷக்கணக்காய்க் கட்டியதைக் கழற்றினால் விழும் தடம்! இவரும் வீட்டம்மா உத்தரவில் வெறுங்கையாய் வந்தவர்! என் கண் கலங்கிவிட்டது. அவர் தொட்டிலைத் தானே ஒரு முறை ஆட்டிவிட்டு, தன் மனைவியிடம், “இரும்பையே இப்படி வளர்த்தவர், பொண்ணை எப்படி வளர்த்திருப்பார்! முடிச்சிடலாம்மா” என்றார். கல்யாணம் முடிவானது.

அன்பர்களே! வாட்ச் எதற்கு? நேரம் பார்க்கவா? அதற்குச் சட்டைப்பையில் செல்போன் போதும். கௌரவத்துக்கா? சட்டைக் கையை இறக்கிவிட்டால் கௌரவம் மறைந்துபோகும்! நாம் தேடுவது வாட்சையல்ல. அதைக் காட்ட ஒரு கண்ணை! நம் கிறுக்கைக் கண்டு ஓடாத ஒரு காலை! கேலி பேசாமல் ‘ஆஹா’ என்று மலரும் ஒரு வாயை! அது கிடைத்தவன் வெறுங்கையோடு நின்றாலும் செல்வனே!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், முறைப்பை நிறுத்தாத இல்லத்தரசிக்கும் நன்றி, வணக்கம்.

உட்காரும்முன் ஒன்று. இன்று காரில் வரும்போது கேட்டேன்: “அன்னைக்குக் கையில வெள்ளையா ஒரு தடம் இருந்துதே, எந்த வாட்சைக் கழட்டி வெச்சுட்டு வந்தீங்க, சம்பந்தி?”

“வாட்சா? அது சுளுக்குக்கு ஒரு மாசம் போட்டிருந்த கட்டு, சம்பந்தி. முதல் நாள்தான் பிரிச்சேன். எதைக் காட்டினாலும் ‘ஆஹா’ சொல்லுங்கப்பான்னு பையன் கெஞ்சினான். எனக்கு வாட்ச் கட்டினா அரிக்கும்.”