பத்து எழுத்துக்குள்

பொரியில் பொட்டுக்கடலை அதிகமாக இருந்தால் எனக்குப் பிடிக்காது, சார். ஆயுதபூஜைக்கு எங்கள் பட்டறையில் பெரிய அண்டாவில் பொரி கலப்பார்கள். நான் கடலையைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டேன். அன்று மதியம் என்ன செய்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் பெயர் சாய்குமார். வயது நாற்பத்தொன்று. பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பா லட்சுமணசாமி நடத்துகிற பம்பு பட்டறையின் மாடியில்தான் என் ஆபீஸ். கல்யாண மண்டபம், பல் டாக்டர், நூல் கடை என்று கேட்பவர்களுக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுப்பேன். அப்பாவுக்கு அது ஒரு தொழிலாகவே படவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "பதினெட்டு வருசமா மேல உக்காந்து படம் போட்டுட்டிருக்கறான்" என்பார். போன ஆடியில் கறாராகச் சொல்லிவிட்டார். "ஆயுதபூஜைக்குள்ள உருப்படியா ஒண்ணு காட்டு. இல்லீன்னா மாடியக் காலி பண்ணிக் குடு, வைண்டிங் செக்‌ஷன் போடோணும்." வைண்டிங் என்றால் மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுவது. அந்த மாடியை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நித்யஸ்ரீ என்னிடம் மூன்று வருடமாக வேலை பார்த்தாள். கருமத்தம்பட்டிப் பெண், இருபத்து நாலு வயது. அவள் அப்பா காளிச்சாமி ஆறு தறி ஓட்டுகிறார். மொபைல் கேம் செய்யலாம் என்று சொன்னது அவள்தான். அதற்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமே என்றேன்.

"புதுசா ஒண்ணும் வேண்டாமுங்கண்ணா. வெப்சைட்டுக்கு நாம எழுதறதே போதுமுங்க. அதத் தூக்கி ஒரு ஆப்புக்குள்ள வெச்சுப்போட்டா போன்ல ஓடுமுங்க" என்றாள்.

ஒரே மதியத்தில் தயார் செய்துவிட்டாள். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர், திரையில் திறக்கும் கறுப்பு ஜன்னலில் நாலைந்து கட்டளைகள், அவ்வளவுதான். லேப்டாப்பே ஒரு சின்ன சர்வராக நின்றது. சோதித்துப் பார்க்க ஒரு பழைய டேப்லெட். அதில் சிம் போட இடமே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ரௌட்டர், வெளி இணைப்பு எதுவும் இல்லாதது. இங்கே ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் அங்கே டேப்பில் உடனே ஆட்டம் மாறும். அங்கே விரல் படுவதெல்லாம் இங்கே கறுப்பு ஜன்னலில் வரி வரியாக விழும். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஆட்டத்துக்கு 'இழை' என்று பெயர் வைத்தாள். தறி ஓடும், இழை அறும், துணி கெடுவதற்குள் விரலால் முடிச்சுப் போட வேண்டும். அவள் வீட்டுத் தறிக்கூடத்தில் இருந்து எடுத்தது. என் பங்கு ஒரே ஒரு விதி. முந்தைய சாதனையைத் தாண்டினால்தான் பெயர் எழுதும் கட்டம் திறக்கும், அதுவும் பத்து எழுத்துக்குள்.

"பேரு எழுதறதுக்குக் கூடவாங்கண்ணா ஜெயிக்கோணும்?" என்று சிரித்தாள். ஆட்டம் என்றால் ஒரு கண்டிப்பு வேண்டும் என்றேன்.

அப்புறம் பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆயுதபூஜை அன்று மதியம்வரை இங்கே, அப்படியே ரயில். நல்லது என்றுதான் சொன்னேன். கடைசி வாரத்தில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எதை எப்படி ஓட்டுவது, எது நின்றால் என்ன செய்வது என்று நாற்பது பக்கம், கோழிமுட்டை மாதிரி குண்டு குண்டான எழுத்தில்.

"எல்லாம் எழுதிப்போட்டேனுங்கண்ணா. என்னயக் கூப்புடவே வேண்டாமுங்க, நீங்களே பண்ணிக்கலாம்."

நீங்களே சொல்லுங்கள் சார், இப்படியா பேசுவது. ஒரு சந்தேகம் கேட்கக்கூட எனக்கு அவள் வழி வைக்கவில்லை. நோட்டைப் புரட்டினேன், பாதி புரியவில்லை. கீழே அப்பா, மேலே அந்த நோட்டு. நடுவில் எனக்கு மூச்சு முட்டியது. மாட்டிக்கொண்டது நான்தான். அதை யாரும் எழுதிக்கொள்வதாகத் தெரியவில்லை.

பூஜை அன்று காலை பதினோரு மணிக்கு அவள் கடைசியாக ஒரு வேலை செய்ய ஆசைப்பட்டாள். இழையை முடிச்சுப் போட்டு இழுக்கும்போது வரும் சின்னச் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமாம். கீழே ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மாடியின் பின்பக்கம் பேட்டர்ன் ரூம் இருக்கிறது. வார்ப்புக்கான மர அச்சுகளை அடுக்கி வைக்கிற அறை. தகரக் கூரை, இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. நடுவில் மணி அடிக்கும் என்று தன் போனை மேஜையிலேயே வைத்துவிட்டு, டேப்பும் ஒரு கண்டு நூலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவச் சாத்திப்போடுங்கண்ணா, பாட்டுச் சத்தம் வருது" என்றாள்.

சாத்தச் சொன்னது அவள். தாழ்ப்பாள் மட்டும் நான் போட்டது.

ஒரு மணி நேரம் என்றுதான் நினைத்தேன். ரயில் போய்விட்டால் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம். பன்னிரண்டுக்குப் பூஜை. அப்பாவும் ஆட்களும் மாடிக்கு வந்தார்கள். லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் அந்த நோட்டையும் வைத்தேன். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கற்பூரம் காட்டும்போது கறுப்பு ஜன்னலில் ஒரு வரி விழுந்தது. புள்ளி 212, பெயர்: கதவு.

"என்னடா அது ஓடுது?" என்றார் அப்பா.

"கேம் ஓடுதுங்கப்பா. ஆளு விளையாடறாங்க."

"பரவால்லியே" என்றார். பதினெட்டு வருடத்தில் அந்த ஒரு சொல். இன்னும் ஒரு வருசம் மாடியை வைத்துக்கொள் என்றும் சொன்னார். அந்த நேரத்தில் போய்க் கதவைத் திறந்து, அழுதுகொண்டு வரும் ஒரு பெண்ணை அவர் முன்னால் நிறுத்த முடியுமா? நீங்களாக இருந்தால் செய்திருப்பீர்களா?

வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். இரண்டு மணிக்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இனி திங்கட்கிழமைதான் பட்டறை. பூஜையில் வைத்த பொருளை, ஆட்கள் திரும்பி வந்து மறுபூஜை போடும்வரை எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. ஸ்பேனரோ லேப்டாப்போ, எல்லாம் ஒன்றுதான். விளக்குக்கு எண்ணெய் ஊற்ற மட்டும் ஒருவர் வந்து போகலாம். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

பூஜை அன்றே, வியாழன் சாயங்காலம் 240, அண்ணா கதவு. பிறகு 251, தண்ணி. பிறகு 263, தப்பு என்ன. ஒவ்வொரு முறையும் தன் சாதனையைத் தானே தாண்டித்தான் அதை எழுத வேண்டும். தாண்டினாள். பிடிக்காத ஆட்டத்தை யாராவது அத்தனை முறை ஆடுவார்களா? நாலு நாள் மாடி காலி. கதவைத் தட்டியிருப்பாள். நான் கீழே இறங்கும்வரை கேட்டது.

வெள்ளி மதியம் அவள் போன் அடித்தது. அவள் அப்பா காளிச்சாமி.

"நேத்தே ரயிலேறிட்டாளுங்க. போனை இங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டா" என்றேன்.

"சொல்லாமக் கொள்ளாமப் போற புள்ளையில்லீங்களே சாமி" என்றார்.

சனிக்கிழமை அவரோடு நானும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய்த் தேடினேன். அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை கப்பையும் நான்தான் பிடித்துக்கொண்டேன். மனுசனுக்கு மனுசன் அவ்வளவாவது செய்ய வேண்டும்.

திங்கள் காலையில் பேட்டர்ன் எடுக்கப் போன பட்டறை ஆள் அழகிரிசாமி தாழ்ப்பாளைத் தள்ளினார். கத்தியது அவர்தான். அவள் கதவோரமாகவே இருந்தாள். தகரக் கூரையின் சூடும் தண்ணீர் இல்லாததும் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது நான். எழுதியதைப் படித்தது நான். திறக்காமல் இருந்ததும் நான்தான். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

லேப்டாப்பை யாரோ தொட்டிருக்கிறார்களே என்று கேட்டீர்கள். பூஜைப் பொருளைத் தொடக்கூடாது என்று நான் சொன்னது உண்மைதான். வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் ஊற்றப் போனபோது ஒரே ஒரு முறை தொட்டேன். அவள் விரல் தடுமாறுவது வரிகளில் தெரிந்தது. இழைகள் அறுந்துகொண்டே இருந்தன, முடிச்சு விழவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது. தறி ஓடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் சேமித்தேன். நோட்டில் பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தாள், எளிதாகத்தான் இருந்தது. இரக்கம் இல்லாதவன் என்று என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறி மெதுவானது. அவள் கெட்டிக்காரி. இந்தப் பக்கம் யாரோ லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, சேமித்தால்தான் அது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நிமிடத்தில் 263-ஐத் தாண்டினாள். கட்டம் திறந்தது.

நீங்களா.

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகும் டேப்பில் முப்பத்து நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது, அதுவும் வரிகளில் தெரியும். ஆட்டம் ஓடியது. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன, யாரும் முடிச்சுப் போடவில்லை. மதியம்வரை கறுப்பு ஜன்னல் முன்னால் உட்கார்ந்து பார்த்தேன் சார், எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. அந்த வேகத்தில் ஒரு குழந்தைகூட ஜெயித்துவிடும். அவள் இன்னும் ஒரே ஒரு முறை எழுதியிருந்தால் நான் எழுந்துபோய்த் திறந்திருப்பேன்.